செப்புக்குடமும் கொட்டமுத்து எண்ணெயும்

சிவக்குமாருக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான். தரையில் ஓட்டை போடுவது. ரிக் வண்டியோடு ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று ஊர் ஊராகச் சுற்றி, கருங்கல்லைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன். எந்த ஓட்டையைக் கண்டாலும் அவன் கை முதலில் கிரீஸ் டப்பாவைத்தான் தேடும். அந்தக் கைப்பழக்கம்தான் இந்த வருசம் நோம்பி சமயத்தில் வீட்டையே ஒரு ஆட்டு ஆட்டி வைத்தது.

சங்ககிரிக்கும் எடப்பாடிக்கும் நடுவே இருக்கிற நல்லாம்பட்டியில் முனியப்பன் நோம்பித் திருவிழா என்றால், கெடா வெட்டுக்கு முன்னால் துப்பாக்கி வெடித்தாக வேண்டும். ஏரிக்கரையில் மூங்கில் நட்டு, செப்புக்குடம் நிறையத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார்கள். சிவக்குமாரின் அப்பா மயில்சாமி வீட்டுத் துப்பாக்கியால் ஒரே ஒரு குண்டு. அது குடத்தைத் துளைக்க வேண்டும். பீறிட்டு வரும் தண்ணீரை, சுட்டவன் வீட்டுப் பெண் முதல் கையாக ஏந்திச் சாமி காலில் தெளிக்க வேண்டும். குண்டு தவறினாலோ, வேறு வீட்டுக் கை முந்திவிட்டாலோ, அடுத்த வருசத்திலிருந்து உரிமை பங்காளி நந்தகுமார் வீட்டுக்குப் போய்விடும். நந்தகுமார் கெட்டவன் ஒன்றும் இல்லை. வருசா வருசம் குளித்து முழுகி, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து குடத்துக்குப் பக்கத்திலேயே நிற்பான், அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் மயில்சாமி போய்ச் சேர்ந்தார். பயிர்க்காவலுக்கென்று அவர் பேரில் இருந்த உரிமம் மகன் பேருக்கு மாறியது. சிவக்குமார் ரிக் முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு வந்து இறங்கினபோது ஊரில் காப்புக் கட்டி முடித்திருந்தார்கள். அவன் பெண்டாட்டி தனப்பிரியா, எடப்பாடியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள், தட்டத்தில் அரிசிம்பருப்புச் சோறு போட்டு நெய் ஊற்றினாள். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டு அம்மாவைக் கேட்டான்.

"அம்மா, கட்டுத்தரைச் சாளையில ஒரு டப்பா இருந்துச்சே. அப்பன் துப்பாக்கிக்குப் போடறது. அது எங்க?"

"எந்த டப்பாடா சாமி?"

"ஆட்டுக்கொழுப்பையும் தேன்மெழுகையும் ஒட்டுக்காக் காச்சி வெச்சிருப்பாரே, அது."

குப்பாயி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதுவா. சுண்ணாம்பு அடிக்கறப்ப மூடியத் தொறந்தேன். கொடலப் பொரட்டற நாத்தம். காப்புக் கட்டப் போற ஊட்டுல கவுச்சி எதுக்குன்னு குப்பக்குழியில கொட்டிப்போட்டேன்."

"கொட்டீட்டயா?"

"நாயி வேற நக்கீருச்சு."

அந்தக் கொழுப்பு எதற்கென்றால், இது வாய்வழியாக அடைக்கிற துப்பாக்கி. முதலில் வெடிமருந்தைக் கொட்ட வேண்டும். பிறகு குழல் வாயில் கொழுப்புத் தடவிய துணித் துண்டை வைத்து, அதன்மேல் ஈயக்குண்டை வைத்து, துணியோடு சேர்த்துக் கோலால் அடிவரை தள்ள வேண்டும். குழலுக்கு உள்ளே திருகாணி மாதிரி புரி ஓடுகிறது. துணிதான் அந்தப் புரியைக் கவ்வுகிறது, குண்டு சுழன்றுகொண்டே போகிறது. கொழுப்பு இருந்தால்தான் துணி வழுக்கிப் போகும், கருகாது, மருந்துக் கரியும் இறுகாது. புதிதாகக் காய்ச்சலாம் என்றால் காப்புக் கட்டியாகிவிட்டது. நோம்பி முடிகிற வரைக்கும் கொழுப்பு என்கிற பேச்சையே அந்த வீட்டில் எடுக்க முடியாது.

"அட போச்சாது உடு," என்றான் சிவக்குமார். "எங்கிட்ட ரிக்குக் கிரீசு ஒரு பக்கெட்டு இருக்குது. ஆயிரம் அடி ஆழத்துல ராடு மாட்டாம ஏறி எறங்குது. இந்தக் கையளவு கொழலுக்கு ஆவாதா?"

குப்பாயிக்கு மனசு லேசானது. தனப்பிரியாவுக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியாததால் அவன் தட்டத்தில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள், கடலைக்காய் பிடுங்கிய காட்டில் ஒத்திகை பார்த்தார்கள். பட்டுப்போன பனைமரம்தான் குறி. காடாத் துணியை வட்டமாக நறுக்கி, கறுப்புக் கிரீஸை அப்பி, குண்டை வைத்துத் தள்ளினான். வெண்ணெயில் விரல் விட்டதுபோல இறங்கியது. வெடித்ததும் பனையில் செதில் பறந்தது. கல்யாணமாகி வந்து இத்தனை வருசத்தில் அந்த வெடியை தனப்பிரியா இவ்வளவு பக்கத்தில் நின்று கேட்டதில்லை. ஒரு சிட்டிகை கரித்தூளுக்குள் இவ்வளவு பெரிய சத்தம் எங்கே படுத்திருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பாத்தியா? ரிக்குக் கிரீசு," என்றான்.

இரண்டாவது குண்டு இறங்குகையில் கோல் முரண்டு பிடித்தது. அவன் கவனிக்காமல் அதையும் வெடித்தான். மூன்றாவது குண்டு வழியிலேயே நின்றுகொண்டது. கோலில் மயில்சாமி கத்தியால் கீறி வைத்த அடையாளம் ஒன்று உண்டு. குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கீறல் குழல் வாய்க்கு நேராக வரும். இப்போது அது ஒரு சாண் மேலே நின்றது. தம் கட்டித் தள்ளினான். கல்லை எடுத்துக் கோலையும் குழலையும் தட்டினான். குண்டு கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. குழல் வாயில் விரலை விட்டுப் பார்த்தால் விரல் தார் பூசின மாதிரி வந்தது. ரிக் கிரீஸும் மருந்துக் கரியும் சேர்ந்து வெந்து ரோட்டுத் தாராகவே ஆகியிருந்தது.

"இரு. ரிக்குல ஹேமர் உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவோம்? காத்தக் கூட்டி அடிப்போம். ஒரு கேப்பு வெச்சுத் தட்டுனா தானா வெளிய ஓடீரும்," என்று மருந்தைப் பற்றவைக்கிற கேப் டப்பாவுக்குக் கையை நீட்டினான்.

அவன் கைக்கு முன்னால் தனப்பிரியாவின் கை அதை எடுத்துவிட்டது.

"ஏனுங்க, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவால ஒரு சாண் சந்து இருக்குதுங்களே. குக்கர்ல வெயிட்டு அடச்சுக்கிட்டா அடுப்பக் கூட்டியா வெப்பாங்க?"

"கொடு புள்ள. ஒனக்கு இதெல்லாந் தெரியாது."

"எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்குந் தெரியாது. தர மாட்டேன்." டப்பாவை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

சிவக்குமாருக்கு முகம் சுருங்கியது. "நீ இடுப்புல சொருவிக்கிட்டா முனியப்பனுக்கு ஆரு பதில் சொல்றது? நந்தகுமாரு மூங்கிலுக்குக் கீழயே பாய் போட்டுப் படுத்துக்கறான், தெரியுமா?"

"உரிமை போனாப் போவட்டுமுங்க. அவிய ஊட்டுக்குப் போனா ஏரி ஒண்ணும் வத்திப் போயிராது. எனக்குக் கொடம் வேண்டாம். நீங்க ரெண்டு கையோட வேணும்."

அவன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். கோபம் இறங்க ஒரு பீடி நேரம் ஆனது. அதற்கப்புறம்தான் குழலின் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தான். கேப் வைக்கிற சின்ன முனை அங்கே மரையில் திருகியிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை தனப்பிரியா கண்டாள்.

"தனம், இதைக் கழட்டலாம். கழட்டீட்டு, மொதல்ல தண்ணி உட்டு மருந்தச் சாவடிச்சர்லாம். அப்பறம் இந்த மரைக்குச் சரியா ஒரு கிரீஸ் நிப்பிளக் கடஞ்சு மாட்டி, கிரீஸ் கன் வெச்சுப் பின்னாலிருந்து அமுக்குனா? வெடியுங் கெடையாது ஒண்ணுங் கெடையாது. குண்டு வந்துதான ஆவோணும்?"

"வெடிக்காதுல்லீங்க?"

"தண்ணி உட்ட மருந்து சேறு. சேறு எங்க புள்ள வெடிக்கும்?"

மருந்தை நனைத்துக் கொன்றுவிட்டு, கழற்றின முனையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு பைக்கில் திருச்செங்கோடு போனான். ரிக் சாமான் கடையும் லேத்துப் பட்டறையும் நிறைந்த ஊர். கேட்டால் யானைக்குக்கூட நிப்பிள் கடைந்து கொடுப்பார்கள். பொழுது சாயத் திரும்பி வந்தான். வாசலில் துப்பாக்கியைச் சாக்கின்மேல் படுக்க வைத்து, கிரீஸ் கன்னை மாட்டி அமுக்கினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அமுக்கினான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. குழலுக்குள் ஏதோ முனகியது. குப்பாயி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள்.

முதலில் கறுப்புத் துணியின் ஓரம் தெரிந்தது. அதற்கு நடுவே ஈயக்குண்டு, முட்டையிடும் கோழியின் நிதானத்தோடு, கொஞ்சங் கொஞ்சமாக வெளியே வந்தது. சாக்கில் டொப்பென்று விழுந்து உருண்டபோது குப்பாயி, "அப்பா முனியப்பா," என்று மட்டும் சொன்னாள். தனப்பிரியா அதைக் கையில் எடுத்தாள். மேலே புரியின் தடம் பதிந்திருந்தது. பாக்கு அளவுதான் இருந்தது. காலையில் இது தன் புருசனை வாரிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்ததும் அதைச் சாக்கின்மேலேயே வைத்துவிட்டாள்.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார்கள். கொதிக்கிற சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். தண்ணீர் தெளிந்து வருவதற்குள் வாசல் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. அடுப்படிக்கு வந்த தனப்பிரியாவுக்குத் தோசைக்கல் கண்ணில் பட்டது. நல்ல எண்ணெய் தடவின கல்லில் கரி பிடித்தால் ஈரத்துணி போதும். வண்டி எண்ணெய் தடவின கல்லை யாராவது அடுப்பில் வைப்பார்களா? முந்தின நாள் சோறு போடும்போது தனக்கு உறுத்தியது இதுதான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஏனுங்க, எனக்குச் சித்த வெடிமருந்து வேணும். பொட்டு வெக்கற அளவு."

ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்கி வாசலில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எண்ணெயைத் தொட்டு வைத்து, மேலே துளி மருந்து தூவி, நீளக் குச்சியில் நெருப்பை நீட்டினாள். புஸ்ஸென்று வெள்ளைப் புகை எழுந்தது. ரிக் கிரீஸ் இருந்த ஓட்டில் தார் ஒட்டிக்கொண்டது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. நெய் ஓட்டில் கரி நன்றாகத்தான் துடைபட்டது. ஆனால் நெய் தடவின துணியைப் பக்கத்தில் கையில் வைத்திருந்த சிவக்குமாரின் முழங்கைவரை வழிந்துவிட்டது. "வெயில்ல இது குண்டோட போவாது, மருந்துக்குள்ள எறங்கி ஊறப்போட்டுரும்," என்றான். தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம்.

குப்பாயி கொட்டமுத்து எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தாள். மற்ற ஊரில் விளக்கெண்ணெய் என்பார்கள். அது கெட்டியாக நின்றது. எரிந்த கரியை ஈரவிரலால் தொட்டதும் கண்மை போல வந்துவிட்டது.

"இதுதானுங்க. ஆனா தனியாப் போட்டா துணி வளவளன்னு இருக்கும். கூடச் சித்த மெழுகு சேர்ந்தா நிக்கும்," என்றாள் தனப்பிரியா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை, கூரை எறவாணத்தில் சொருகியிருந்த கொட்டாங்குச்சிக்குப் போனது. "அத்தே, அதுல என்னுங்க?"

"அது என்ற காலு வெடிப்புக்குப் போடறது அம்மிணி. கொட்டமுத்தெண்ணெயுந் தேன்மெழுகுங் காச்சுனது." சொல்லிவிட்டுக் குப்பாயிக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஏஞ் சாமி, என்ற குதிகாலுக்குப் போடறதையா முனியப்பனுக்குப் போடறது?"

"உங்க குதிகால்ல வெயில்லயுங் கரையாம நிக்குதுங்களா?"

"பொழுதுக்கும் காட்டுல நின்னாலும் அப்பிடியே இருக்குமே."

"அப்பச் சாமிக்குத் தனியாப் புதுசாக் காச்சிக் குடுங்க. பழசு உங்களுக்கே இருக்கட்டும்."

சிவக்குமார் இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தான். குப்பாயி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, புது மண்சட்டியில் மெழுகை உருக்கி எண்ணெயை ஊற்றிக் கிண்டினாள். ஆறினதும் வெண்ணெய்க் கட்டி மாதிரி உறைந்தது. காடாத் துணியில் தேய்த்தபோது இழைக்குள் ஏறிக்கொண்டது, கையில் ஒட்டவில்லை.

அடுத்த நாள் மறுபடியும் அதே காடு. வெடித்தது. அடுத்த குண்டு சிரமமில்லாமல் கீறல்வரை இறங்கியது. அதையும் வெடித்தான். அதற்கடுத்ததும் அப்படியே இறங்கியது. சிவக்குமார் பனைமரத்தைப் பார்க்கப் போனான். தனப்பிரியாவோ, குழலைவிட்டுக் குண்டோடு பாய்ந்து நடுவழியில் பிரிந்து விழுந்த துணிகளை மண்ணில் தேடிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் கிரீஸ் துணி கிழிந்து கந்தலாகக் கிடந்தது. இன்றைக்கு விழுந்த துணி அப்படி இல்லை. பூ விரிந்த மாதிரி, வட்டம் சிதையாமல், நடுவில் மட்டும் குண்டு உட்கார்ந்த கரி வட்டத்தோடு கிடந்தது. எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஒரு ஓட்டைகூட இல்லை. ஓரத்தில் இழைகூடப் பிரியவில்லை. அவள் அப்பன் வீட்டுத் தறியில் எத்தனை ஆயிரம் கெஜம் இந்தத் துணி ஓடியிருக்கும். சாக்குத் துணிபோல நினைத்துக் கால் துடைத்திருக்கிறாள். அது நெருப்புக்கு முன்னால் போய், ஈயத்தைச் சுமந்து, இரும்புக்குள் சுற்றிச் சுழன்று வெளியே வந்து, வேகாமல் கையில் கிடக்கிறது. குண்டம் இறங்கித் தீ மிதித்தவர் பாதத்தைப் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கண் கலங்கியது.

"என்ன புள்ள, துணியப் பாத்து அழுவுற?"

"ஒண்ணுமில்லீங்க. இது எப்பிடீங்க வேவாம வந்துச்சு?"

அவன் அதை வாங்கிப் பார்த்து, மெதுவாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

என்ன இருந்தாலும் அவளுக்குள் ஒரு பயம் தங்கிவிட்டது. கல்லால் தட்டினானே, குழலில் எங்கேயாவது கண்ணுக்குத் தெரியாத கீறல் விட்டிருந்தால்? அவனிடம் கேட்டாள். விரல் நகத்தால் குழல் முழுக்கத் தட்டிக் காட்டி, "நல்லாத்தான் சத்தங் குடுக்குது," என்றான். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை.

நோம்பியன்று ஏரிக்கரையில் எள் போட்டால் எள் விழாது. ஒரம்பரைச் சொந்தக்காரக் கூட்டம் சேலம், ஈரோடு என்று வந்து இறங்கியிருந்தது. அனுமதித் தாளைப் பார்த்துவிட்டு ஏட்டு ஒருவர் கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கினார். முனியப்பன் ஆகாயத்தை முட்டிக்கொண்டு, முட்டைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தார். மூங்கிலில் செப்புக்குடம் தொங்கியது. பழைய வருசத்து ஓட்டைகளையெல்லாம் ஈயம் வைத்து அடைத்திருந்ததால் அதன் வயிறு முழுக்கத் தழும்பு.

குடத்துக்குப் பக்கவாட்டில், கயிற்றுக்கு வெளியே சுமங்கலிகள் நின்றார்கள். முன்வரிசையில் தனப்பிரியா, அவளுக்குத் தோளோடு தோளாக நந்தகுமாரின் பெண்டாட்டி பிரவீனா. தாலி அறுத்தவர்கள் தண்ணீரைத் தொடக்கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் வெள்ளைச் சீலைக்காரிகள் தள்ளிப் புளியமரத்தடியில் நின்றார்கள். போன வருசம்வரை முன்வரிசையில் நின்ற குப்பாயி இன்றைக்கு அங்கே நின்றாள்.

சிவக்குமார் எல்லார் கண்ணுக்கும் முன்னால் அடைத்தான். மருந்து, துணி, குண்டு. கோலை இறக்கினான். கீறல் வாய்க்கு நேராக வந்ததை, தூரத்திலிருந்தும் தனப்பிரியா பார்த்துவிட்டாள். பூசாரி சண்முகவேல் கையைத் தூக்கினார். பறை நின்றது. அவ்வளவு கூட்டத்திலும் குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. எல்லாரும் குடத்தைப் பார்த்தார்கள். தனப்பிரியா குழலைத்தான் பார்த்தாள்.

வெடித்தது.

வழக்கத்தைவிடப் பெரிய சத்தம் என்று அவளுக்குப் பட்டது. வெள்ளைப் புகை பொங்கி அவன் தலையை, தோளை, துப்பாக்கியை எல்லாம் விழுங்கிவிட்டது. அடுத்த கணம் செம்பு டங்கென்று அலறியது. குடத்தின் நட்ட நடுவில் வாய் திறந்து, கைத்தடி மொத்தத்துக்குத் தண்ணீர் வளைந்து பாய்ந்தது. வெயிலில் அது வெள்ளிக் கம்பிபோல மின்னியது. அப்படி நடுவயிற்றில் விழுந்த குண்டை அந்த ஊர் பார்த்ததில்லை. கூட்டம் ஓவென்று எழும்பியது. குலவை கிளம்பியது.

புகைக்குள்ளிருந்து அவன் வரவில்லை.

தண்ணீர் அவளுக்கு இரண்டு எட்டுத் தூரத்தில் விழுந்துகொண்டிருந்தது. தனப்பிரியா அதற்கு முதுகைக் காட்டிவிட்டு, கயிற்றைத் தாண்டி, புகையைப் பார்த்து ஓடினாள். யாரோ, "ஏ புள்ள, தண்ணி, தண்ணி," என்று கத்தினார்கள். பிரவீனா இரண்டு கையையும் குவித்துக்கொண்டு முன்னால் அடியெடுத்து வைத்ததை அவள் பார்க்கவே இல்லை.

சிவக்குமார் வெடியின் உதையில் மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் கரி. துப்பாக்கி மடியில் முழுசாகக் கிடந்தது. அவள் அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள். எல்லாம் இருந்தது. காது அடைத்துப்போயிருந்த அவன் சத்தமாகக் கேட்டான்: "கொடம் என்னாச்சு? பொகையில ஒண்ணுமே தெரியல. பட்டுச்சா?"

"பட்டுச்சுங்க. நடு வயித்துல."

"அப்பத் தண்ணி? நீ இங்க நிக்கறயே. தண்ணியப் புடிச்சயா?"

"இல்லீங்க." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு நீங்கதான் தெரிஞ்சீங்க."

அவன் குடம் இருந்த பக்கம் பார்த்தான். குலவை நின்றுவிட்டிருந்தது. பறையும் இல்லை. கலைகிற புகைக்கு அந்தப் பக்கம் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டு நின்றது. பிரவீனா, குறுக்கே பாய்ந்தவளைத் தொட்டுவிடக்கூடாதென்று பின்வாங்கி, குவித்த கை குவித்தபடி, நனையாமல், ஒதுங்கி நின்றாள். அவளையும் தாண்டி, புளியமரத்தடியிலிருந்து ஓடிவந்து முதல் தண்ணீரைப் பிடித்தவள் அந்த வழியில் நடந்து வந்துகொண்டிருந்தாள். வெள்ளைச் சீலை மார்போடு நனைந்து ஒட்டியிருந்தது.

குப்பாயி முதலில் முனியப்பன் காலடியில் நின்றாள். கையைச் சாய்த்துப் பாதித் தண்ணீரைத் தெளித்தாள். கூடாதென்று யாரும் தடுக்கவில்லை. பூசாரி சண்முகவேல், அறியாமலே, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நந்தகுமார் காலில் கிடந்த செருப்பைக் கழற்றிவிட்டான்.

மீதித் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மகனிடம் வந்தாள். வழியெல்லாம் ஒழுகி, உள்ளங்கை அளவுதான் மிச்சமிருந்தது. அதை அவனுடைய கரி முகத்தில் வைத்துத் துடைத்தாள்.

"நம்மூட்டுக் கைதான் சாமி," என்றாள். "எந்திரி."